தசை இருப்பு

செங்கோடனுக்கும் அவனுடைய முதலாளி சென்னியப்பனுக்கும் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. ரஜ்ஜு தட்டவில்லை. யோனிப் பொருத்தம் மட்டும் கூடிவரவில்லை. அது இந்தக் காரியத்துக்குத் தேவைப்படாது என்று சோசியர் சிரிக்காமல் சொன்னார்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த சென்னியப்பனிடம் பதினான்கு பேர் மூட்டை தூக்கினார்கள். அத்தனை பேரும் சாதகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே தெரியவில்லை. மீதிப் பேரில் செங்கோடன் தேறினான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பெண் பார்த்த காலத்தில் ஆறு வீட்டில் அவன் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை முதல் இடத்திலேயே கூடிவந்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

காரியம் இதுதான். செங்கோடன் மூட்டை தூக்க வேண்டும். சென்னியப்பனுக்கு உடம்பு ஏற வேண்டும்.

'திண்தோள்' என்றொரு நிறுவனம் அதற்கு ஒரு பட்டையைக் கொண்டுவந்திருந்தது. உழைப்பவர் கையில் ஒன்று, உட்கார்ந்திருப்பவர் கையில் ஒன்று. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது கொடுக்கும், எது வாங்கும் என்பதைப் படிவத்தைப் பார்த்து இயந்திரமே முடிவு செய்யும். பெரிய ஊர்களில் சித்தாள்களும் தண்ணீர் கேன் போடுகிறவர்களும் இரண்டு வருடமாக அதைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். சம்பந்தி வீட்டு விருந்தில் சம்பந்தியின் தோள் சட்டைக்குள் விம்மி நின்றதைப் பார்த்த நாளிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே திண்தோள் மண்டிக்கு வந்துவிட்டது.

வந்தவள் பெயர் தமயந்தி. எடை தூக்கும் போட்டிகளில் மாநில அளவு வரைக்கும் போய், முழங்கால் போன பிறகு இந்த வேலைக்கு வந்தவள். சுமையாட்களைக் குடோனில் உட்காரவைத்து விளக்கினாள்.

"தூக்கும்போது தசை வளர்றதில்லைங்கண்ணா. கிழியுது. கண்ணுக்குத் தெரியாம நூல் நூலாக் கிழியும். ஒடம்பு அதைக் கவனிச்சு, நீங்க தூங்கும்போது முன்னைவிடக் கொஞ்சம் தடிப்பா ஒட்டுப்போட்டு வெக்கும். அதுதான் பலம்."

"அப்ப வளர்றது தூக்கத்துலதானுங்களா?" என்று கேட்டான் பொங்கியண்ணன். செங்கோடனுக்குப் பதினைந்து வருடக் கூட்டாளி. மூட்டையின் அந்தப் பக்கத்துக் காதை எப்போதும் அவன்தான் பிடிப்பான்.

"ஆமாங்கண்ணா."

"அதான் மொதலாளி இந்த வளர்த்தி வளர்ந்திருக்கறாரு."

எல்லோரும் அலுவலக அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். தமயந்தியும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சும்மா தூங்குனா வயிறுதாங்கண்ணா வளரும். கிழிஞ்ச எடம் ரத்தத்துல ஒரு சீட்டு அனுப்போணும், இங்க பலம் பத்தலை, ஆளனுப்புன்னு. அந்தச் சீட்டைத்தான் இந்தப் பட்டை புடிக்கும். அவரோட பட்டை அதை அவரு ரத்தத்துல உட்டுரும். சீட்டுல பேரெல்லாம் எழுதியிருக்காது. அவரு ஒடம்பு, தானே தூக்குனதா நெனச்சு வேலைய ஆரம்பிச்சுரும்."

"எங்க ஒடம்பு என்ன நெனைக்கும்?" என்றான் பொங்கியண்ணன்.

அவள் கையிலிருந்த பட்டையைத் திருப்பினாள். "இன்னைக்கு லீவுன்னு நெனச்சுக்கும்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஒரே ஒருவன், வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று கேட்டான். பட்டை கட்டாத ஆளுக்கு மண்டியில் வேலை இல்லை என்று சென்னியப்பன் உள்ளே இருந்தபடியே சொன்னார். மற்ற மண்டிக்காரர்களும் அதையே சொல்லிவிட்டார்கள். சங்கத் தலைவர் இது காலத்தின் கட்டாயம் என்று பேசினார். அவருக்கு மூட்டை தூக்கும் வயது தாண்டியிருந்தது.

படிவம் ஒன்று நிரப்ப வேண்டியிருந்தது. எந்த ஊரிலோ எந்த மொழியிலோ எழுதியதை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கி வாங்கியிருந்தார்கள். பெயர், வயது, முகவரிக்குக் கீழே 'தசை இருப்பு' என்றொரு கட்டம். உடம்பில் எத்தனை கிலோ தசை இருக்கிறது என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அதை அளக்கும் கருவியை வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகத் தமயந்தி சொன்னாள். ஆனால் புதன்கிழமைதான் நல்ல ஓரை என்று சென்னியப்பன் நின்றார். சோசியரே சாதகங்களைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு படிவத்தையும் நிரப்பினார். தசை இருப்பு என்ற கட்டத்தைக் கண்டதும் அவருக்கு நிறுவனத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது.

"பரவால்லீங்க, முறையாத்தான் கேட்டிருக்கறான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

சென்னியப்பனுக்குச் சனி தசை தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பதினெட்டு வருடம் நான்கு மாதம் இருப்பு. கட்டம் சிறியது என்பதால் சோசியர் 18.4 என்று போட்டார். செங்கோடனுக்குக் கேது தசை முடியப்போகிற நேரம். ஒரு வருடம் பதினொரு மாதம். 1.11.

தமயந்தி கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு இன்னும் நான்கு மண்டி பாக்கி இருந்தது. படிவத்தை அவளும் படிக்கவில்லை, அவளுக்கு மேலே உள்ளவர்களும் படிக்கவில்லை. இயந்திரம் மட்டும் படித்தது.

*

முதல் திங்கட்கிழமையே செங்கோடனின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது.

'அன்புள்ள செங்கோடன், தங்கள் நிலையை அறிவோம். மனம் தளர வேண்டாம். விரைவில் எழுந்து உட்காருவீர்கள். திண்தோள்.'

அவன் அப்போது எழுபது கிலோ மூட்டையை இறக்கிவிட்டு, தலையிலிருந்த சும்மாட்டை உதறிக்கொண்டிருந்தான். சுமையாட்களைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் இப்படித்தான் நினைப்பார்கள் போல என்று எண்ணிக்கொண்டு கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான். அடுத்த திங்கட்கிழமையும் வந்தது. ஒரு தடவை, படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும்படி அறிவுரை சொன்னார்கள். எல்லோருக்கும் இதே செய்திதான் வரும் என்று அவன் நினைத்ததால் யாரிடமும் காட்டவில்லை.

நான்கு மாதத்தில் மற்றவர்களிடம் வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் எப்போதும் தூக்கிய அளவுக்கே தூக்கினார்கள், எப்போதும் சாப்பிட்ட அளவுக்கே சாப்பிட்டார்கள், ஆனால் கட்டிலில் கிடந்த நோயாளிகளைப்போலத் தேய்ந்தார்கள். மற்றவர்களின் பட்டைகள் சென்னியப்பனின் சொந்தபந்தங்களோடு இணைந்திருந்தன; பொங்கியண்ணனுடையது அவருடைய மைத்துனரோடு. மைத்துனருக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, கருவி காட்டிய கிலோவை அப்படியே எழுதினார். அவருடைய தோள்கள் ஆறாவது மாதமே சம்பந்தியை எட்டிவிட்டன. பொங்கியண்ணனின் தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. மைத்துனர் அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு, காரை விட்டு இறங்கி வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டார்.

செங்கோடன் மட்டும் தேயவில்லை. கூடவே வேறொன்றும் நடந்தது. அவன் கைகள் தடித்தன. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகும் தொடையும் கழுத்தும்தான் முறுகும். இவனுக்கோ முன்கையை மடக்கினால் மேலே எலுமிச்சம்பழம்போல ஒரு உருண்டை எழுந்தது. பிறகு அது சாத்துக்குடி ஆயிற்று. அவன் மனைவி பாவாயி, சட்டைக் கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்த எரிச்சலில், மூட்டை தூக்கப் போகிறானா, வேறெங்காவது போகிறானா என்று கேட்டாள்.

சென்னியப்பனின் கதையோ நேர்மாறு. பட்டை கட்டிய முதல் மாதம் முழுக்கத் தனக்குப் பலம் ஏறுவதாக அவர் எல்லோரிடமும் சொன்னார். தராசின் படிக்கற்களை எடுத்துக் கையை மடக்கிக் காட்டினார். இரண்டாவது மாதம் பழைய சட்டை தொளதொளத்தபோது, கொழுப்பு கரைகிறது என்றார். மூன்றாவது மாதம் மைத்துனரைப் பார்த்துவிட்டு வந்து வீட்டு மாடியில் இரும்புகளை வாங்கிப் போட்டார். பெரிய கண்ணாடி ஒன்றையும் மாட்டினார். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். கண்ணாடியில் தெரிகிற தசைகளுக்கு மட்டும்தான் வேலை கொடுத்தார். ஐம்பத்து மூன்று வயதில் அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக வியர்வை சிந்தினார். சிந்தச் சிந்த இளைத்தார்.

சனி தசையில் அப்படித்தான் என்று சோசியர் சொன்னார். சனி உடம்பை வாட்டித்தான் புடம் போடுவாராம்.

*

சுமையாட்களுக்கு வருடம் ஒருமுறை வில்லைப் பரீட்சை. எழுபது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, பலகை மேல் நடந்து, மூட்டை அடுக்கின் ஏழாவது அட்டியில் போட வேண்டும். மூன்று தடவை, நடுவில் நிற்காமல். போட்டால் பித்தளை வில்லையைப் புதுப்பித்துத் தருவார்கள். வில்லை இல்லாதவன் எந்த மண்டியிலும் மூட்டையைத் தொடக்கூடாது. பட்டை வந்த பிறகும் பரீட்சையை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று சங்கம் எழுதிய கடிதத்துக்கு, பாதுகாப்பு விதிகளில் சமரசம் இல்லை என்று பதில் வந்தது.

பொங்கியண்ணன் முதல் மூட்டையைப் போட்டான். இரண்டாவதில் பலகையின் பாதியில் அவன் தொடை நடுங்கியது. நின்றுவிட்டான். முதுகில் மூட்டையோடு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மூட்டை சரிந்து விழுந்து சாக்கு கிழிந்தது. மஞ்சள் கிழங்குகள் தரையெல்லாம் உருண்டன. பதினைந்து வருடத்தில் அவன் ஒரு மூட்டையைக்கூடக் கிழித்ததில்லை.

அடுத்தது செங்கோடன். மூன்றையும் போட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் இறங்கி வந்தான். அதுதான் தப்பாகப் போயிற்று.

வில்லை போன பிறகு பொங்கியண்ணனுக்கு மண்டியிலேயே தூசி கூட்டும் வேலை கொடுத்தார்கள். ஒரு வாரம் அவன் செங்கோடனிடம் பேசவில்லை. பிறகு டீக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நீ பட்டையக் கழட்டி வெச்சுட்டுத்தான் தூக்கறே."

"கழட்டுனா மணி அடிக்கும், உனக்குத் தெரியாதா மாப்ளே?"

"அப்பறம் எப்படி உனக்கு மட்டும் இந்தக் கை? எனக்குச் சொல்லாம என்னமோ பண்றே."

"சத்தியமாத் தெரியல."

"தெரியலன்னா போய்க் கேளு. உன்ற கையத் தடவிக் குடுக்கறதுக்கு நான் இங்க ஒக்காரல."

*

திண்தோள் நிலையத்தில் தமயந்தி அவனை நிறுத்தி அளந்தாள். தசை முப்பத்தொன்பது கிலோ காட்டியது. மறுபடி அளந்தாள். பிறகு அவன் மேற்கையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மூட்டையில இந்த எடத்துக்கு வேலையே இல்லையேண்ணா. ஒடம்பு எதைக் கேட்டு வாங்குச்சோ அதைத்தான் வெச்சிருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு செய்யறவங்களுக்குத்தான் இந்தச் சதை வரும். எங்கியாச்சும் ஜிம்முக்குப் போறீங்களா?"

அவனுக்குக் கோபம் வந்தது. காலை ஆறு மணியிலிருந்து மூட்டை தூக்குகிறவன் ஜிம்முக்கு எதற்குப் போக வேண்டும் என்றான். உங்கள் கம்பெனிதான் வாரா வாரம் கேலி செய்கிறது என்று கைப்பேசியை எடுத்துக் காட்டினான். அவள் படித்தாள். மேலே தள்ளித் தள்ளி எல்லாத் திங்கட்கிழமைகளையும் படித்தாள்.

"இது படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குப் போறதுண்ணா."

பதிவைத் திறந்து, அதிலிருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள்.

"ஒரு கிலோ நூத்திப் பத்து கிராம். கோழிக்கே இதைவிட அதிகமா இருக்கும். தசை இருப்புன்னா என்னன்னு நெனச்சு எழுதுனீங்க?"

"சோசியர்தானுங்க எழுதுனாரு. கேது தசை. ஒரு வருசம் பதினொரு மாசம் இருப்பு."

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு படிவத்தின் கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

விஷயத்தை அவள் மெதுவாகச் சொன்னாள். தசை குறைவாக இருக்கிற உடம்பிலிருந்து அதிகமாக இருக்கிற உடம்புக்குச் சீட்டுப் போகக் கூடாது என்று சட்டம் இருந்தது. நோஞ்சான்களிடமிருந்து உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். இயந்திரம் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது. பதினெட்டுக் கிலோக்காரர் ஒருவர், ஒரு கிலோக்காரன் ஒருவன். எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் அதற்குக் குழப்பமே இல்லை. செங்கோடன் தூக்கியதெல்லாம் செங்கோடனுக்கே இருந்தது. சென்னியப்பன் மாடியில் மூன்று மணி நேரம் மடக்கி நிமிர்த்தியதும் செங்கோடனுக்கே வந்தது.

"மொதலாளிக்கு?"

"அவரு ஒடம்புக்குத் தெனமும் லீவு."

இதை மேலே சொன்னால் தன் வேலை போய்விடும் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். சொல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதுவரை இப்படியே ஓடும். முடிவை அவனிடமே விட்டாள். விட்டாள் என்று சொல்வதைவிட, அவன் பேசாமல் எழுந்து போனதை அவள் தடுக்கவில்லை.

பொங்கியண்ணனிடம் மட்டும் சொன்னான். பொங்கியண்ணன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"என்ற சாதகம் வெள்ளத்துல போச்சு" என்றான். "இருந்திருந்தா எனக்கும் ஏதாச்சும் ஒரு ஈனத் தசை நடந்திருக்கும்."

அதன் பிறகு அவர்களுக்குள் பழையபடி பேச்சு வந்தது. ஆனால் மூட்டையின் அந்தப் பக்கத்துக் காதைப் பிடிக்க வேறு ஆள் வந்திருந்தான்.

*

செங்கோடன் எட்டு மாதம் முதலாளியிடம் வாயைத் திறக்கவில்லை. அதில் அவனுக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் பெரிதாக இல்லை. எடுத்துக்கொள்ள நினைத்தது அவர். எடுக்க முடியாமல் போனது அவர் பாடு. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளவே தெரியாது, தள்ளுவதுபோலத் தெரிவதெல்லாம் எதிர்ப்பக்கத்துத் தசை இழுப்பதுதான் என்று தமயந்தி ஒரு தடவை சொல்லியிருந்தாள். சென்னியப்பனை நினைத்தால் அவனுக்கு அது நன்றாகவே விளங்கியது.

சங்கடம் வந்தது ஒரு வியாழக்கிழமை. அலுவலக அறையில் சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். மேசையை அழுத்தினார். கை வளைந்தது. மறுபடி அழுத்தினார். வாசலில் நின்ற செங்கோடனைப் பார்த்து, பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்றாவது தடவையும் அழுத்தினார். செங்கோடன் உள்ளே போய், அவருடைய அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

மூட்டையைத் தொட்டதும் எடை சொல்வது சுமையாட்களின் பழக்கம். அவன் கை தானாகவே சொன்னது: நாற்பத்தாறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஆள் எண்பது கிலோ. மீதி முப்பத்து நான்கில் எத்தனை தன் சட்டைக்குள் இருக்கிறது என்று செங்கோடனால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. தூக்கி நிறுத்திய கையே அவருடைய கை.

"சனி" என்றார் சென்னியப்பன், சட்டையைச் சரிசெய்துகொண்டு. "ஆனா பாரு, உள்ளுக்குள்ள கம்பீரமா இருக்குது."

வீட்டில் பாவாயி நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் அவனுக்குக் கேது முடிந்து சுக்கிர தசை பிறக்கிறது. இருபது வருடம். இந்த மூட்டைக்காரனுக்கு அவள் அப்பா பெண் கொடுத்ததே நாற்பதில் சுக்கிரன் வருகிறான் என்று சோசியர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான். பதினான்கு வருடமாக வீட்டில் எது உடைந்தாலும், எது கிடைக்காமல் போனாலும், நாற்பது வரட்டும் என்றுதான் அவள் சொல்லிவந்தாள். அவனும் வெளியே சிரித்தாலும் உள்ளே அதை வைத்திருந்தான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாள் அதற்கு அடுத்த மாதம் வந்தது.

*

அதே அலுவலக அறை, அதே சோசியர், புதுப் படிவம். தமயந்தி இந்தத் தடவை கருவியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செங்கோடன் நின்றபடியே சொன்னான். எதையும் விடாமல் சொன்னான். தசை இருப்பு என்று கேட்டது இதுவல்ல என்றும், இரண்டு வருடமாகச் சீட்டுத் தலைகீழாகப் போனது என்றும், அவர் மாடியில் செய்ததெல்லாம் தன் கையில் ஏறியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினான்.

சென்னியப்பன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ற கைன்னு சொல்றே."

"ஆமாங்க. ரெண்டு பேரும் பட்டையக் கழட்டிரலாமுங்க. நீங்க அந்த இரும்பையே தூக்குங்க. உங்க ஒடம்பு உங்களுக்கே ஏறிக்குமுங்க. பட்டை இல்லாமயே ஆறு மாசத்துல எந்திரிச்சுருவீங்க. அம்மிணியக் கேட்டுப் பாருங்க."

தமயந்தி தலையசைத்தாள். அது மட்டும்தான் அவளால் முடிந்தது.

சென்னியப்பன் சோசியரைப் பார்த்தார். சோசியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங்க, ரெண்டு வருசமா இவன் கேது தசையில இருந்தான். கேது ஒட்டு ஒறவை அறுக்கற கெரகம். கேதுக்காரன்கிட்ட வாங்குனா வாங்குனது தங்காது. நான் அன்னைக்கே சொல்லலாம்னு பார்த்தேன், பொருத்தம் நல்லாருந்துச்சேன்னு விட்டுட்டேன். இப்ப இவனுக்கு என்ன பொறந்திருக்குது? சுக்கிரன். இனிமேப்பட்டுத்தான் வாங்கோணும். இப்பப் போயி யாராச்சும் கழட்டுவாங்களா?"

சென்னியப்பனின் முகம் தெளிந்தது. "பாத்தியாடா. உன்ற யோகத்துல ஒரு பங்கு எனக்கு வரப்போற நேரத்துல கழட்டச் சொல்றயே. இத்தன சூதா உனக்கு?"

"அதில்லீங்க. அந்தக் கட்டத்துல கேக்கறது கிலோவுங்க."

"கிலோவக் கேக்கறவன் எடைன்னு கேப்பான். தசை இருப்புன்னு எவனாச்சும் கேப்பானா? எனக்குத் தமிழ் தெரியாதா?"

தமயந்தி கருவியைத் திறக்கட்டுமா என்று கேட்டாள். புதன்கிழமை தராசு ஏறுவதில்லை என்றார் சென்னியப்பன். தன் வேலை தப்பியதை உணர்ந்து அவள் பெட்டியை மூடினாள். மூடும்போது செங்கோடனைப் பார்க்கவில்லை.

சோசியர் எழுத ஆரம்பித்தார். சென்னியப்பனுக்குச் சனி தசையில் இரண்டு வருடம் கழிந்திருந்தது. 16.4. பிறகு செங்கோடனின் படிவத்தை எடுத்து, உள்ளங்கையால் தடவி, தசை இருப்பு என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினார். 19.11.

செங்கோடன் இரண்டு எண்களையும் பார்த்தான். எது கனம், எது லேசு என்று சொல்ல அவனுக்குத் தராசு வேண்டியதில்லை. கருவி வைத்து அளந்திருந்தாலும் அவனுக்கு முப்பத்தொன்பதுதான், அவருக்கு அதில் பாதிகூட வராது. எப்படி அளந்தாலும் சீட்டு இனி அவனிடமிருந்து அவருக்குத்தான் போகும். சோசியரின் தசையும் கம்பெனியின் தசையும் முதல்முறையாக ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின.

"பழசையே எழுதிருங்களேன்" என்றான். "ஒண்ணு புள்ளி பதினொண்ணுன்னே."

"முடிஞ்சுபோன கேதுவ ஏண்டா கூப்புடறே?" சோசியர் பேனாவை மூடினார். "இருவது வருசம் ராசயோகம். கையெழுத்துப் போடு."

போட்டான். மண்டியை விட்டு வெளியே போனால் எல்லா மண்டியிலும் இதே பட்டைதான். அடுத்த வில்லைப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. இத்தனைக்கும் நடுவில், ஒருவேளை சுக்கிரன் ஏதாவது செய்வானோ என்று ஒரு ஓரத்தில் தோன்றியதற்காக அவன் தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

குடோன் வாசலில் பொங்கியண்ணன் மஞ்சள் தூசியைக் குவித்துக்கொண்டிருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டான். செங்கோடன் சொன்னான். பொங்கியண்ணன் கூட்டுவதை நிறுத்தினான்.

"உண்மையச் சொன்னியா, பைத்தியக்காரா?"

"சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"இல்ல."

"அப்பச் சொல்லாமயே இருந்திருக்கலாம். அதேதான் நடந்திருக்கும்."

"தெரியும்."

பொங்கியண்ணன் துடைப்பத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, "இன்னொரு தொடப்பம் உள்ள இருக்குது" என்றான். கேலியாகச் சொன்னானா, இடம் போட்டு வைத்தானா என்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வழக்கமான நேரத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது. செங்கோடன் மூட்டைக்கு முன்னால் குனிந்தவன், நிமிர்ந்து எடுத்துப் படித்தான்.

'அன்புள்ள செங்கோடன், தாங்கள் பூரண குணமடைந்ததில் மகிழ்ச்சி. இனி இந்தச் செய்தி தங்களுக்கு வராது. வாழ்த்துகள். திண்தோள்.'

கைப்பேசியைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டு, சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தான். மூட்டையைத் தொட்டான். எழுபது. அவன் கை இன்னும் எடையைச் சரியாகத்தான் சொன்னது.